பால் இருந்த இடத்தில் பியர்

பியர் விற்கிறவளிடம் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "கொடுக்கிற காசுக்கு எது நல்லது?" அதற்குப் பதில் தெரியாமல் காசுப்பெட்டிக்குப் பின்னால் நின்று விழித்த அனைவருக்கும் இது சமர்ப்பணம். நீங்கள் சேலை விற்றிருக்கலாம், செல்பேசி விற்றிருக்கலாம். விழிப்பு ஒன்றுதான்.

என் நிலைமை உங்களுடையதைவிடக் கொஞ்சம் மோசம். நான் பியர் குடிப்பதில்லை. போதாததற்கு, அறிமுகமில்லாதவர்களோடு கதைக்க வேண்டுமென்றால் எனக்குக் காது சிவந்துவிடும். பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்து முடித்து, வரலாறு தெரிந்தவர்களை மொன்றியலில் ஒருவரும் தேடவில்லை என்று தெரிந்துகொண்ட பிறகு, 2006ஆம் ஆண்டுக் கோடையில் தீவின் மேற்கு முனையிலுள்ள சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் சிவம் அண்ணையின் தெப்பனரில் வேலைக்குச் சேர்ந்தேன். தெப்பனர் என்றால் எங்கள் மூலைக்கடை மாதிரி. பாண், பால், சிகரெட், பியர். என் வீடு பியர்பொன்ட்ஸில். பஸ் பிடித்து வந்து சேர்வதற்குள் பாதி நாவல் வாசித்துவிடலாம்.

அந்த ஊரில் கல்லூரிப் பிள்ளைகள் அதிகம். கோடையில் கால்வாயில் படகைக் கட்டி நிறுத்துகிறவர்களும் உண்டு. அவர்கள் கையில் வேறெங்கோ வாங்கிய போத்தல்களைப் பார்த்துப் பார்த்து, ஒருநாள் என்னையறியாமல் அண்ணையிடம் வாய் திறந்துவிட்டேன். கியூபெக்கின் சின்னச் சின்ன ஆலைகளில் செய்கிற பியரைத்தான் இப்போது தேடுகிறார்கள், 'மைக்ரோ' என்று பெயர், நாங்களும் வைத்துப் பார்க்கலாம் என்றேன். அண்ணை இரண்டு நாள் யோசித்தார். பிறகு பால் இருந்த கண்ணாடிக் கதவுப் பிரிட்ஜைக் காலியாக்கித் தந்தார். தந்துவிட்டுச் சொன்னார்: "தங்கச்சி, உம்மை நம்பித்தான் செய்யிறன். பனி கொட்டமுன்னம் இது ஓடினால் வைச்சிருப்பம். ஓடாட்டி பழையபடி பால்தான். பால் விக்க எனக்கு இன்னொரு ஆள் தேவையில்லை, விளங்குதே?"

விளங்கியது. பிரிட்ஜும் நானும் ஒரே மின்கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தோம்.

வீதக் கணக்கு

முதல் வாரத்தில் மைக்ரோ பிரிட்ஜுக்கு முன்னால் நீண்ட நேரம் நின்றவர் ஒரு தமிழர். முதுகைப் பார்த்ததுமே யாரென்று தெரிந்துவிட்டது. ஊர்ச்சங்கக் கூட்டங்களில் அப்பாவுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்து, இளைஞர்கள் கெட்டுப்போவதைப் பற்றிப் பேசுகிற மாமா. பியர்பொன்ட்ஸில் இல்லாத கடையா? யாரும் பார்க்கக்கூடாது என்றுதான் இவ்வளவு தூரம் கார் ஓட்டி வந்திருக்கிறார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒவ்வொரு போத்தலாகத் திருப்பினார். பெயரைப் பார்க்கவில்லை, ஊரைப் பார்க்கவில்லை, லேபலில் இருந்த தேவதையையும் பிசாசையும் பார்க்கவில்லை. மூலையில் பொடி எழுத்தில் இருக்கும் மதுசாரத்தின் வீதத்தை மட்டும் பார்த்தார்.

பிறகு திரும்பினார். என்னைக் கண்டார். நான் சூயிங்கம் பெட்டிகளை அடுக்குவதுபோல் குனிந்துகொண்டேன். அவர் ஒரு பால் பெட்டியை எடுத்துக் கையில் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றார். கடைசியில் பாலை வைத்துவிட்டு, ஒரு கறுத்தப் போத்தலோடு வந்து, கூரையைப் பார்த்தபடி சொன்னார்: "பிள்ளை, நீர் என்னைக் காணேல்லை, நானும் உம்மைக் காணேல்லை. ஆனா இதைவிட வீதம் கூடினது உள்ளுக்க இருக்கே?"

காலைக் குலுக்கல்

இரண்டாவது வாரம் ஒரு மாணவன் சொட்டச் சொட்ட நனைந்து கடைக்குள் வந்தான். வெளியே நல்ல வெயில். வாங்கிய போத்தலைக் கால்வாய்க்கரை மரவாங்கில் உட்கார்ந்து திறந்தானாம், பாதி அவன்மேல், மீதி பக்கத்தில் இருந்த பெண்மேல். மறுநாள் இன்னொருவர், அதற்கடுத்த நாள் படகுக்காரர் ஒருவர். "உம்மட மைக்ரோ எல்லாம் வெடிக்குது" என்றார் சிவம் அண்ணை, பால் கொம்பனிக்காரரின் இலக்கத்தைத் தேடியபடி. எனக்கு ஒன்றும் புரியவில்லை.

புரிந்தது, ஒருநாள் முந்தின பஸ்ஸில் வந்தபோது. அண்ணையின் மனைவி றஞ்சி அக்கா பிரிட்ஜுக்கு முன்னால் நின்று, ஒவ்வொரு போத்தலாக எடுத்து, தலைகீழாகப் பிடித்து, நன்றாகக் குலுக்கி, துடைத்து, திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தா. அப்படி ஒரு சிரத்தை. முதலாளியின் மனைவியிடம் எப்படிச் சொல்வது? விழுங்கி விழுங்கிக் கேட்டேன். "அடியைப் பார் பிள்ளை, மண்டி. பழஞ்சாமான் எண்டெல்லோ சனம் நினைக்கும்" என்றா. அது அழுக்கில்லை, பியரைப் புளிக்கவைக்கிற ஈஸ்ட், போத்தலுக்குள் அப்படித்தான் படிந்திருக்கும், அதைக் கலக்கினால்தான் பொங்குகிறது என்று மெதுவாக விளக்கினேன். அக்கா கையிலிருந்த போத்தலை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தா. "பாணி மருந்தையே குலுக்கித்தானே குடிக்கிறனாங்கள்? உது மட்டும் என்ன பெரிய மகாராணியோ?"

திரும்பி வரும் போத்தல்கள்

குடிக்காமல் எப்படிப் பியரை அறிந்துகொண்டாய் என்று கேட்பீர்கள். கியூபெக்கில் வெறும் போத்தலைக் கடையில் திருப்பிக் கொடுத்தால் வைப்புக்காசு திரும்பக் கிடைக்கும். அவற்றை வாங்கி, வகை பிரித்துப் பெட்டியில் அடுக்குவது கடையில் யாரும் விரும்பாத வேலை, ஆகவே என் வேலை. கொஞ்ச நாளிலேயே ஒன்றைக் கவனித்தேன். சில பியர்களின் போத்தல்கள் துடைத்துவைத்ததுபோல் வரும். சிலவற்றின் அடியில் இரண்டு விரல் அளவு மிஞ்சியிருக்கும், சில நேரம் அதற்குள் ஒரு சிகரெட் துண்டு மிதக்கும். எந்த விமரிசகரும் இவ்வளவு நேர்மையாக எழுதமாட்டார். எவ்வளவு மலிவாக இருந்தாலும் பாதியில் விட்ட போத்தல் நட்டம்தான்.

ஆகவே வடித்துக் குடித்த போத்தல்களை மட்டும் எடுத்து, மூக்கருகே பிடித்து மணந்து பார்க்கத் தொடங்கினேன். ஒன்றில் தோடம்பழத்தோல், ஒன்றில் கருகிய பாண், ஒன்றில் பனங்கட்டி போட்ட கோப்பி. ஒரு மத்தியானம் பின்னறையில் கண்ணை மூடி அப்படி மணந்துகொண்டிருந்தபோது வாசலில் வளையல் சத்தம் கேட்டது. றஞ்சி அக்கா, கையில் தேத்தண்ணிக் கோப்பையோடு. "படிச்ச பிள்ளை, வெறும் போத்தலை மணந்துகொண்டு நிக்குது. கொம்மாவுக்குத் தெரியுமே?"

தடிமன்

செப்டெம்பரில் ஒரு கியூபெக் அம்மா வந்தா. மூக்கு சிவந்து, கழுத்தில் கம்பளிச் சால்வை. பொன்ஜூர் சொல்வதற்குள் மூன்று தும்மல். வெள்ளைப் பியர் எப்படி இருக்கும் என்று பிரெஞ்சில் கேட்டா. பிரிட்ஜில் ஒட்டியிருந்த விளம்பர அட்டையில் 'புத்துணர்ச்சி', 'சமநிலை', 'நேர்த்தி' என்று என்னவோ எழுதியிருந்தது. அதைச் சொல்லப் போனால் வாய் வரவில்லை. பதற்றத்தில் உண்மையைச் சொல்லிவிட்டேன்: "இதில் மல்லி போடுகிறார்கள், மேடம். எங்கள் வீட்டில் தடிமன் வந்தால் அம்மா மல்லி அவித்துத் தருவா. அந்த வாசம்தான். ஆனால் இது குளிர்."

அந்த அம்மா மூக்கைத் துடைத்தா. என்னை ஒரு மாதிரிப் பார்த்தா. வேறென்ன இருக்கிறது என்று கேட்டா. கருகிய பாண், தோடம்பழத்தோல், பனங்கட்டிக் கோப்பி என்று நான் காதுவரை சிவந்து ஒப்பித்தேன். "பியரைப் பற்றிக் கேட்டால் நீ உன் குசினியைச் சுற்றிக் காட்டுகிறாய்" என்றா. "எல்லாவற்றிலும் ஒன்று எடு. எனக்கு மணம் தெரியவில்லை, நீ சொல்வதை நம்பிக் குடிக்கிறேன்."

பின்கதவு

எங்கள் கடையிலிருந்து நாலாவது கட்டடம் ஒரு ஐரிஷ் பப். பச்சைக் கதவு, பித்தளைக் குழாய்கள், சுவரெல்லாம் படம். உரிமையாளர் டெக்லன், அயர்லாந்தின் கோர்க் பக்கத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும். வெள்ளிக்கிழமைகளில் இவர் பின்பக்க ஒழுங்கையால் சுற்றி எங்கள் பின்கதவைத் தட்டுவார். கண்வரை இறக்கிய தொப்பி, கையில் சொந்தப் பை. கியூபெக் ஆலை ஒன்றின் ஸ்டவுட் என்கிற கறுப்புப் பியர் மட்டும் வாங்குவார். ஸ்டவுட்டை இவ்வளவு குளிரில் வைத்தால் ருசி நித்திரை கொண்டுவிடும் என்று எனக்குச் சொன்னவரும் அவர்தான். அதைக் கேட்டு நான் நாலு போத்தலை வெளியே தட்டில் வைக்க, பிரிட்ஜ் பழுதாகிவிட்டதென்று அண்ணை மெக்கானிக்கைக் கூப்பிட்டது தனிக்கதை.

ஒருநாள் துணிந்து கேட்டேன். சொந்தப் பப்பில் கப்பலில் வந்திறங்கிய அசல் ஸ்டவுட் குழாயில் ஓடும்போது, இங்கே ஏன்? டெக்லன் ஒழுங்கையை இரண்டு பக்கமும் பார்த்தார். "இது நல்லது, விலையும் நல்லது. என் பப்பில் குடிக்க எனக்குக் கட்டுபடியாகாது, பெண்ணே."

சும்மா போறதே?

ஒக்டோபரில் படகுகள் போய்விட்டன. பரீட்சைக்காலம் வந்து மாணவர்களும் குறைந்தார்கள். பிரிட்ஜில் போத்தல்கள் அசையாமல் நின்றன. சிவம் அண்ணை ஒவ்வொரு காலையும் வானத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன், பனி விழக்கூடாதென்று. பால் கொம்பனிக்காரர் ஒருமுறை வந்து பிரிட்ஜை அளந்துவிட்டுப் போனார். அப்போதுதான் டெக்லன், முதல்முறையாக அண்ணையிடமே வந்து பேசினார். அந்தக் கியூபெக் ஸ்டவுட்டுக்குத் தன் பப்பில் ஒரு குழாய் கொடுத்திருக்கிறாராம். வழக்கமான ஆட்கள் தொட மறுக்கிறார்களாம். சனிக்கிழமை பின்னேரம் நான் வந்து, கடையில் சொல்வதுபோல் நாலு வார்த்தை சொல்ல முடியுமா? "போம்" என்றார் அண்ணை. "கடையின்ர பேரைச் சொல்லும். உமக்கு இதுதான் கடைசிச் சந்தர்ப்பம்."

துணைக்கு றஞ்சி அக்கா வந்தா. கையில் பெரிய பிளாஸ்டிக் பெட்டி. திறந்தால், சுடச்சுடக் கடலை வடை. "அக்கா, அது பப்" என்றேன். "ஒருத்தர் கூப்பிட்ட இடத்துக்குச் சும்மா போறதே?" என்றா. உள்ளே பெரிய உடம்பும் சிவந்த முகமுமாகப் பதினைந்து இருபது பேர். டெக்லன் என்னை அறிமுகப்படுத்தினார். எல்லோரும் திரும்பினார்கள். நான் வாய் திறந்தேன். காற்றுக்கூட வரவில்லை. அந்த மௌனத்தில் அக்கா பெட்டியைத் திறந்து, பூப்புனித நீராட்டு விழாவில் பலகாரத் தட்டோடு போவதுபோல் மேசை மேசையாகப் போகத் தொடங்கினா. "எடுங்கோ, எடுங்கோ, வெக்கப்படாதேங்கோ." தமிழில்தான். எல்லோரும் எடுத்தார்கள். அக்காவின் வடையில் செத்தல் மிளகாய்க்குப் பஞ்சமில்லை. கொஞ்ச நேரத்தில் ஒருவர் இருமினார், ஒருவர் கண்ணைத் துடைத்தார், எல்லோரும் முன்னாலிருந்த மஞ்சள் பியரைக் குடித்தார்கள். உறைப்பு இறங்கவில்லை.

அவர்கள் படும் பாட்டைப் பார்த்து என் வாய் தானாகத் திறந்தது. "அது சரிவராது. கறுப்பைக் குடியுங்கள். அதில் கொஞ்சம் இனிப்பு இருக்கிறது, பனங்கட்டிக் கோப்பி மாதிரி. உறைப்பை இறக்கும்." டெக்லன் ஊற்றினார். குடித்தார்கள். திரும்ப வடை எடுத்தார்கள். திரும்பக் குடித்தார்கள். மூலை மேசையிலிருந்த நரைத்த மீசைக்காரர் ஒருவர், நீ எத்தனை கிளாஸ் குடிப்பாய் என்று கேட்டார். நான் குடிப்பதில்லை, மணந்துதான் பார்ப்பேன் என்றேன். டெக்லன் குழாயைப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டார். நான் பால் பெட்டிகளை நினைத்துக்கொண்டேன். மீசைக்காரர் தன் பக்கத்துக் கதிரையைக் காலால் இழுத்துப் போட்டார். "அப்படியென்றால் இவளை என் மேசையில் இருத்துங்கள். இவள் மணக்கட்டும், நான் குடிக்கிறேன்."

முதல் பனி

அடுத்த வாரம் முழுக்கக் கடைக்குப் புது முகங்கள். பப்பில் ஒரு கிளாஸ், வீட்டுக்கு நாலு போத்தல் என்று ஒரு பழக்கம் வந்துவிட்டது. எல்லோரும் ஸ்டவுட் கேட்டார்கள். கேட்டுவிட்டு, கதவடியில் நின்று, கையால் வட்டம் போட்டுக் காட்டி, அந்த உறைப்புச் சாமான் இருக்கிறதா என்றும் கேட்டார்கள். கொம்பனி லொறி வருவதற்குள் பிரிட்ஜில் இரண்டு தட்டுகள் காலி.

முதல் பனி ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் விழுந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கி, சப்பாத்திலிருந்த பனியைத் தட்டிவிட்டு உள்ளே போனேன். சிவம் அண்ணை கையில் அளவுநாடாவோடு பிரிட்ஜுக்குப் பக்கத்தில் நின்றார். மேல்கோட்டைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் பொத்தானைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அண்ணை பிரிட்ஜை அளக்கவில்லை, அதற்குப் பக்கத்துச் சுவரை அளந்தார். நாடாவைச் சுருட்டிக்கொண்டு திரும்பினார். "பிரிட்ஜ் நிக்கட்டும். இதில வடை சூடாக்கிற கண்ணாடிப் பெட்டி ஒண்டு வருது. அக்காவுக்கு இனி ஒரு கை காணாது. தங்கச்சி, உமக்கு வெங்காயம் அரியத் தெரியுமே?"

பியரால் கண்ணீர் விட்ட குடும்பங்கள் பல என்பார்கள். ஒரு சொட்டும் குடிக்காமல், சம்பளத்தோடு, தினமும் காலை ஒன்பது மணிக்கு விட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.