யார் வீட்டு டின்

கோலாலம்பூர் வெறும் சேறும் சகதியுமாகக் கிடந்த காலத்திலேயே கிள்ளானில் சுல்தான் இருந்தார். இதை நான் சொல்லாத ஆள் கிடையாது. பல் டாக்டர் என் வாயைத் திறந்து வைத்திருக்கும்போதுகூடச் சொல்லப் பார்த்திருக்கிறேன். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தவள்தான் நான். ஆனாலும் ஊர்ப் பெருமை பேசுவதில் இங்கேயே பிறந்தவர்களைத் தூக்கிச் சாப்பிட்டுவிடுவேன்.

பக்கத்து வீட்டு அக்காவும் அப்படிக் கல்யாணமாகி வந்தவர்தான். கோலாலம்பூரில், பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர், கத்தோலிக்கக் குடும்பம். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இடுப்பளவு சுவர். அந்தச் சுவருக்கு மேலே ஒரு பிஸ்கட் டின் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருக்கும். நீல நிறம், மூடியில் பாதி உரிந்துபோன ரோஜாப்பூ. தீபாவளிக்கு என் அச்சு முறுக்கு அதில் போகும், கிறிஸ்துமஸுக்கு அவருடைய சுஜி கேக் அதில் வரும். நடுவில் மட்டும் சும்மா இருக்குமா? வடை, உருண்டை, வாழைப்பழ அப்பம். ஒன்றுமே இல்லாத நாளில் அவர் தன் மரத்திலிருந்து ஒரு கொத்து கறிவேப்பிலை ஒடித்துப் போடுவார். நான் ஒரு பிடி சீனியாவது போட்டு அனுப்புவேன். வெறும் டின்னைத் திருப்பிக் கொடுத்தோம் என்று ஒருநாளும் கிடையாது.

அது முதலில் யார் வீட்டு டின் என்பதே எங்களுக்கு மறந்துவிட்டது. ஒருமுறை அதற்காகச் சண்டைகூடப் போட்டோம். “இது உங்களோடதுதான் அக்கா” என்று நான். “போடி, உன் வீட்டு டின்னு எனக்குத் தெரியாதா?” என்று அவர். இரண்டு பேருமே விட்டுக்கொடுக்க நின்றதால் அந்தச் சண்டை கடைசிவரை தீரவில்லை.

அக்காவின் கணவர் இறந்த பிறகு மகள் வந்து கூப்பிட்டாள். மகளுக்கு வீடு பிரிக்ஃபீல்ட்ஸில், வானத்தைத் தொடுகிற மாதிரி ஒரு கொண்டோவில். லோரியில் சாமான் ஏற்றும்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

“அக்கா, டின்னு என்கிட்ட இருக்கு.”

“இருக்கட்டும்டி. எதையாச்சும் போட்டு எடுத்துக்கிட்டு வா. ஒரே ரயிலு, மாறக்கூடத் தேவையில்ல. பக்கந்தான் லா.”

பக்கந்தான்! அந்த ஒரு வார்த்தைதான் எங்களைக் கெடுத்தது. அவர் பினாங்குக்குப் போயிருந்தால் டிக்கெட் எடுத்து, பை கட்டி, போய்ப் பார்த்துவிட்டு வந்திருப்பேன். பக்கத்தில் இருந்ததால் அடுத்த வாரம் போகலாம் என்று இருந்தேன். அடுத்த வாரம் மழை. அதற்கடுத்த வாரம் முட்டி வலி. பிறகு யாரோ வீட்டுக் கல்யாணம். “அந்த ஊருல மனுசன் நடக்க முடியுமாக்கா?” என்று போனில் நான் நக்கலடிப்பேன், அவர் சிரிப்பார். ஆரம்பத்தில் “எப்ப வர்ற?” என்று ஒவ்வொரு தடவையும் கேட்டார். அப்புறம் கேட்பதில்லை. கேட்காமல் விட்டதை நான் கவனிக்கவே இல்லை.

அவர் வீட்டை ஓர் இளம் தம்பதி வாங்கினார்கள். தமிழ்ப் பிள்ளைகள்தான். இரண்டு பேருக்கும் கோலாலம்பூரில் வேலை. அங்கே வீடு வாங்கக் கட்டுப்படியாகாமல் இங்கே வந்தவர்கள். விடிவதற்குள் கிளம்பினால் இருட்டித்தான் வருவார்கள். இரண்டாவது காரை நிறுத்த இடம் வேண்டுமென்று கறிவேப்பிலை மரத்தை வெட்டி சிமெண்ட் போட்டார்கள். சுவரையும் உயர்த்திவிட்டார்கள். நகரம் வளர்ந்து எங்கள் ஊர்வரை வந்துவிட்டது என்று எல்லோரும் பெருமையாகச் சொல்கிறார்கள். வந்து என்ன செய்கிறது? படுத்துத் தூங்கிவிட்டுப் போகிறது.

போன தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, மனசு கேட்காமல், அந்த நீல டின்னில் முறுக்கு போட்டு அவர்கள் வாசலில் போய் நின்றேன். அந்தப் பெண் நல்ல மாதிரிதான், சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

“அய்யோ ஆன்டி, நாங்க எண்ணெய்ப் பலகாரமே தொடுறதில்ல. தேங்க்ஸ் ஆன்டி.”

கேட் தானாகவே மூடிக்கொண்டது. டின்னோடு தெருவில் நின்றேன். எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை, என்மேல்தான் வந்தது. இந்த முறுக்கை வாங்கிச் சாப்பிட ஒரு ஆள் ரயில் தூரத்தில் உட்கார்ந்திருக்க, நான் யார் வாசலில் நிற்கிறேன்?

மறுநாள் காலையிலேயே அந்த முறுக்கு டின்னோடு கிளம்பினேன். ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழுவதற்குள் கேஎல் சென்ட்ரல் வந்துவிட்டது. சே, இவ்வளவுதானா! இதற்கா இத்தனை நாள்? கொண்டோ வாசலில் காவலுக்கு இருந்த ஜாகா என் அடையாள அட்டையை வாங்கி எழுதிக்கொண்டு, மாடிக்குப் போன் போட்டுக் கேட்ட பிறகுதான் உள்ளே விட்டார்.

அக்கா கதவைத் திறந்தார். மெலிந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்தது.

“வாங்க, வாங்க. உக்காருங்க.”

என்னை அந்த வாய் ஒருநாளும் ‘வாங்க’ என்று கூப்பிட்டதில்லை. மகள் வேலைக்குப் போயிருந்தாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். இருந்தும் தேநீர் விருந்தாளிகளுக்கு வைக்கிற தட்டோடு கூடிய கோப்பையில் வந்தது. ஜன்னலுக்குக் கூட்டிப்போய்த் தான் பிறந்த குவார்ட்டர்ஸ் இருந்த இடத்தைக் காட்டினார். அவருக்கே சரியாகத் தெரியவில்லை. விரல் ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறிக்கொண்டே இருந்தது.

மேசைமேல் ஒரு பிளாஸ்டிக் டப்பா நிறைய கொழுக்கட்டை மாதிரி ஏதோ இருந்தது.

“எதுத்த வீட்டு சீன ஆன்டி குடுத்தாங்க. எடுத்துக்குங்க. நாளைக்கு வடை சுட்டு அவங்களுக்குக் குடுக்கணும். டப்பாவை வெறுமனே திருப்பிக் குடுக்கக் கூடாதுல்ல?”

எனக்கு வயிறு எரிந்தது. இந்த வயதில் இதற்கெல்லாம் பொறாமைப்படுவதா என்று வெட்கமாகவும் இருந்தது. ஒன்றை எடுத்துக் கடித்தேன், நன்றாகத்தான் இருந்தது. அதுதான் இன்னும் எரிச்சல்.

“முன்னாடியே வந்திருக்கணும்க்கா” என்றேன்.

அவர் என் கையைத் தட்டிக்கொடுத்தார். “ரெண்டு தீபாவளிக்குப் பார்த்துக்கிட்டே இருந்தேன். கீழ இருந்து போன் வந்தா நீங்கதான்னு நினைப்பேன். அப்புறம் பழகிப்போச்சு.”

திட்டியிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன். அவர் திட்டவில்லை. பிறகு மூட்டு வலியைப் பற்றியும் மருந்தைப் பற்றியும் பேசினோம். பேச்சு தீர்ந்துபோனதும் நான் எழுந்தேன். “இருங்க” என்று சமையலறைக்குப் போனார். தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து கதவருகே டின்னைக் கையில் கொடுத்தார்.

“இந்தாங்க, உங்க டின்னு. முறுக்கை வேற டப்பாவுல கொட்டிக்கிட்டேன். ஈரமில்லாம நல்லாத் துடைச்சுட்டேன், துருப்பிடிக்காது.”

அவரைக் கட்டிக்கொண்டேன். அவரும் கட்டிக்கொண்டார். அடுத்த மாதம் வருகிறேன் என்றேன். “வாங்க, வாங்க” என்றார்.

ரயிலில் மடிமேல் டின்னை வைத்துக்கொண்டிருந்தேன். கையில் கனம் தெரியவில்லை. ஷா ஆலம் தாண்டும்வரை பொறுத்துப் பார்த்தேன். பிறகு முடியவில்லை, மூடியைத் திறந்தேன். மூலையில் ஒரு பிடி சீனியாவது ஒட்டிக்கொண்டிருக்குமோ என்று சாய்த்தும் பார்த்தேன்.

எதிரே உட்கார்ந்திருந்த பெண், “என்ன ஆன்டி, எதாச்சும் தொலைச்சிட்டீங்களா?” என்று கேட்டாள்.

“இல்லம்மா” என்றேன். “என் டின்னுதான்.”