லிஃப்ட் குழிக்குள் திறந்த வென்டிலேட்டர்

நான் எட்டாம் வகுப்பு பெயில். ஆனால் தாம்பரத்திலிருந்து மறைமலை நகர் வரை நான் கட்டின சுவர் ஒன்றுகூட இதுவரை விரிசல் விட்டதில்லை. அதனால்தான் சானடோரியம் பக்கத்து சாஃப்ட்வேர் கம்பெனி ஒன்று என்னைத் தேடி வந்து நாற்காலி போட்டது.

அங்கே கட்டட விதிகளை எழுதுவதற்கென்றே ஒரு சின்ன கம்ப்யூட்டர் மொழி செய்திருந்தார்கள். அதற்குச் சுவர், கதவு, அறை, ஜன்னல் தவிர வேறெதுவும் தெரியாது. நான் வாயால் சொல்லும் ரூலை ஷாஹின் என்ற பெண் அந்த மொழியில் எழுதும். டிராயிங்கை உள்ளே கொடுத்தால் சரிக்குப் பச்சை, தப்புக்குச் சிவப்பு.

எங்கள் முதல் வேலை பெருங்களத்தூரில் ஐந்து மாடி ஃபிளாட். எல்லாம் பச்சை. ரிப்போர்ட் சைட்டுக்குப் போய்விட்டது.

இரண்டு நாள் கழித்து டீ குடித்தபடி அந்தப் பிளானைப் புரட்டினேன். ஒரு பாத்ரூமில் கண் நின்றது.

“ஷாஹின், இந்த வென்டிலேட்டர் எங்கம்மா தொறக்குது?”

ஸ்கிரீனில் பெரிதாக்கிப் பார்த்தது. “லிஃப்ட் குழிக்குள்ளண்ணா.”

“அப்புறம் எப்படி பச்சை?”

“பாத்ரூமுக்கு ஒரு வென்டிலேட்டர் இருக்கணும்னுதானே சொன்னீங்க? இருக்கே.”

அப்படித்தான் சொல்லியிருந்தேன். வெளிக்காற்றுக்குத் திறக்க வேண்டும் என்று சொல்லவில்லை. எந்தக் கொத்தனாரிடமும் நான் அதைச் சொன்னதே கிடையாது; சொல்லத் தேவைப்பட்டதில்லை.

அதற்குள் மேனேஜர் சாமுவேல் சார் வந்துவிட்டார். “யார் எழுதின ரூல் இது?”

“நான்தான் சார்” என்றது ஷாஹின்.

“உங்க ப்ரொபேஷன் இந்த வாரம் முடியுதில்ல? பில்டர் கேட்டா உங்க பேரத்தான் சொல்லணும்.”

ஷாஹின் தலையைக் குனிந்துகொண்டது. என் பக்கம் திரும்பவே இல்லை. படிக்காதவனுக்கு எதற்கு நாற்காலி என்று அந்த ஆபீசில் முணுமுணுத்தவர்கள் உண்டு. வாயைத் திறந்தால் அந்த நாற்காலி போய்விடும்.

முதலில் சைட்டு மேஸ்திரிக்குப் போன் போட்டேன். மூன்று தடவை எடுக்கவில்லை. நான்காவது தடவை, “இன்னாண்ணா?”

“லிஃப்டாண்ட பாத்ரூம் சொவுரு எழுப்பிட்டியா?”

“காலைலேர்ந்து கட்டிகினு கீறோம். மூணு வரி செங்கல் ஏறிடுச்சி.”

“நிறுத்துப்பா. என் பேர்ல நிறுத்து.”

“இன்ஜினியர் வந்து கத்துனா?”

“தப்பு என்னுதுன்னு சொல்லு.”

போனை வைத்துத் திரும்பினேன். சார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சார், இந்தப் பொண்ணு எழுதினதுல தப்பில்ல. நான்தான் பாதி ரூலச் சொன்னேன்.”

“முப்பது வருஷ அனுபவம்னு சொன்னீங்களே?”

“அனுபவம் முழுசா இருக்கு சார். சொன்னதுதான் பாதி.”

அவர் சிரிக்கவில்லை. பில்டரிடம் பேச என்னையும் அழைத்துப் போனார். அங்கே வாங்கிக் கட்டிக்கொண்டேன். பாத்ரூமை வெளிச்சுவர்ப் பக்கம் தள்ளி வரைந்தார்கள், மூன்று வரியையும் உடைத்தார்கள். ஷாஹினுக்கு வேலை நிரந்தரமானது. என் நாற்காலியும் தப்பியது.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். நமக்குத் தெரிந்தது மிஷினுக்கும் தெரிந்திருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். ரூல் சொன்ன கையோடு, அந்த ரூலுக்குள் அடங்கும் மோசமான வீடு ஒன்றை வரைந்து பாருங்கள்.

ஷாஹின் மறுநாளே அதை ஆரம்பித்துவிட்டது. “வாசக்கதவு மூணரை அடி அகலம் இருக்கணும்” என்றேன். மூன்றாம் மாடியில், வராண்டாவும் படியும் இல்லாமல் அந்தரத்தில் திறக்கிற மூன்றரை அடிக் கதவு ஒன்றை வரைந்து உள்ளே கொடுத்தது.

பச்சை விழுந்தது.

“மீதியையும் சொல்லுங்கண்ணா.”