மல்சூன் அக்காவுக்குக் கிடைத்த ஒற்றைத் திராட்சை

மல்சூன் அக்காவைத் திட்டாமல் நான் அவருக்கு ஒரு வேலையும் செய்து கொடுத்ததில்லை. அவரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. கொரியாவின் குன்சான் நகரில் எங்கள் குடியிருப்புக்குக் கீழே என் சலவைக் கடை இருக்கிறது. மகள் பெயரைச் சேர்த்து எல்லோரும் என்னைத் 'தாஹே அம்மா' என்பார்கள். அவர் நான்காவது மாடி. பள்ளிக்கூடச் சமையலறையில் அண்டா அண்டாவாகச் சூப் கிளறியே பாதி ஆயுளைக் கழித்தவர். கணவர் போய்விட்டார். மகன் பூசானில் இருக்கிறான். தான் கழித்துப்போட்ட கணினியை அம்மாவுக்கு அனுப்பிவிட்டு, கடமை முடிந்தது என்று இருக்கிறான். அக்காவுக்கு மிச்சமிருந்தது இரண்டு பேர்தான். ஒருத்தி, அவரோடு அதே அண்டாக்களைக் கிளறிய கும்ரே. இன்னொருவன் பாடகன் ஹாரிம்.

ஹாரிமை இருவருமே நேரில் பார்த்ததில்லை. தொலைக்காட்சிப் போட்டியில் அந்தப் பையன் அழுதுகொண்டே பாடிய அன்றைக்கு இவர்களும் சேர்ந்து அழுதார்கள், அவ்வளவுதான். மறுநாளே மல்சூன் அக்கா ரசிகர் மன்றத்தில் சேர்ந்துவிட்டார். எங்கள் ஊர் மன்றத்தில் அறுபதைத் தாண்டிய பெண்கள்தான் அதிகம். சொந்தப் பேரனுக்குச் சளி பிடித்தால்கூட அப்படிப் பதறமாட்டார்கள்.

போன வசந்தத்தில் ஹாரிம் கட்டாய ராணுவச் சேவைக்குப் போகிறான் என்று அறிவிப்பு வந்தது. போவதற்கு முன்னால் ஜொன்ஜுவில் ஒரு கச்சேரி. அவன் திரும்பி வர ஒன்றரை வருஷமாகும். அதற்குள் கும்ரே அக்காவின் கண் இருக்காது. சர்க்கரை ஒரு கண்ணை ஏற்கெனவே தின்றுவிட்டது; இன்னொன்று இந்த வருஷம் தாங்கினாலே பெரிது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

கும்ரே அக்கா என் கடையில் உட்கார்ந்து சொன்னது இதுதான்: "அந்தப் பய மூஞ்சிய ஒரு தடவ நேர்ல பாத்துடணும் தாஹே அம்மா. அப்புறம் இந்தக் கண்ணு எக்கேடு கெட்டாலும் போகட்டும்."

"பாத்துடலாம்டி. ரெண்டு டிக்கெட் நான் பிடிக்கிறேன்" என்றார் மல்சூன் அக்கா, கடையில் மீன் வாங்கி வருகிறேன் என்பதுபோல.

பிடிப்பதாவது. இணையத்தில் விற்பனை திறந்த சில நிமிஷத்தில் டிக்கெட் தீர்ந்துவிடும். மன்றத்துப் பெண்களுக்கெல்லாம் மகனும் மருமகளும் வேலைக்கு விடுப்புப் போட்டு விரலைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இவரிடம் இருந்தது அந்தப் பூசான் கணினி. பிரவுசரைச் சொடுக்கிவிட்டுப் போய் அரிசி களைந்து வைத்துவிட்டு வரலாம். அப்போதும் திரை வெள்ளையாகத்தான் இருக்கும். வேகமான கணினிகள் இருக்கும் இணைய விளையாட்டுக் கடைக்குப் போகச் சொன்னேன். "அங்க பசங்க பேசற பேச்ச என் காது தாங்காது" என்றுவிட்டார். அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நானே நான்காவது மாடிக்கு ஏறினேன்.

பிரவுசரைப் பார்த்ததும் எனக்குத் தலை சுற்றியது. மேலே வரிசையாகப் பக்கங்கள், ஒவ்வொன்றும் நகத்தளவுக்கு நசுங்கிக் கிடந்தன. எல்லாவற்றிலும் ஹாரிம் பாடிக்கொண்டிருந்தான். பாட்டுத் தரவரிசையில் அவன் மேலே ஏற வேண்டும் என்பதற்காக மன்றத்தார் ராப்பகலாகப் பாட்டை ஓடவிடுவது வழக்கம்; இவர் மூன்று வருஷமாகக் கணினியை அணைத்ததே இல்லையாம். ஆனால் வீட்டில் ஒரு சத்தமும் இல்லை.

"சத்தத்த அணைச்சு வெச்சிருக்கீங்களா?"

"கீழ் வீட்டுக்காரி சண்டைக்கு வந்துட்டா. அன்னையிலேருந்து ஊமைதான்."

எனக்கு வாய் சும்மா இருக்காது. "அக்கா, ஒலிய அணைச்சு ஓட விட்டா அது கணக்குல சேராதுன்னு உங்க மன்றத்துலயே அறிவிப்பு போட்டிருக்காங்களே. படிக்கலையா நீங்க?"

அவர் திரையைப் பார்த்துச் சொன்னார்: "அப்ப மூணு வருஷமா யாருக்கும் கேக்காமத்தான் பாடிட்டிருந்தானா பாவம்."

சொல்லியிருக்க வேண்டாம் என்று தோன்றியது. ஆனால் இந்தப் பக்கங்கள் ஒவ்வொன்றும் கணினியின் நினைவகத்தில் ஆளுக்கொரு துண்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்வரை, டிக்கெட் பக்கம் திறக்கவே போவதில்லை. அவருக்கும் புரிந்தது. ஒவ்வொன்றாக மூடினார். ஒவ்வொரு தடவையும் தலையை லேசாகக் குனிந்து, "போயிட்டு வாப்பா" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

அடுத்தது ஹார்ட் டிஸ்க். முழுக்கச் சிவப்பு. பிரவுசர் தன் தற்காலிகச் சாமான்களை வைக்கக்கூட இடமில்லாமல் தவித்துக்கொண்டிருந்தது.

"நானும் ஒரு மாசமா அழிச்சிட்டேதான் இருக்கேன், ஒண்ணும் குறைய மாட்டேங்குது" என்று புலம்பினார். என்ன அழித்தார் என்று பார்த்தால், மன்றத்துப் பெண்கள் தினமும் அனுப்பும் காலை வணக்கப் படங்களை. பூவும் தேநீர்க் கோப்பையும் போட்ட பொடிப் படங்கள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகத் திறந்து, படித்து, அழித்திருக்கிறார்.

"இதெல்லாம் கொசு. யானைங்க எங்கேயோ படுத்திருக்கு" என்று ஃபைல்களை அளவுவாரியாக அடுக்கினேன். மேலே வந்து நின்றவை வீடியோக்கள். ஒரே மேடை, ஒரே பாட்டு, ஆறு பேர் ஆறு மூலையிலிருந்து எடுத்தது. அதில் ஒன்றே மொத்த வணக்கப் படங்களையும் விடப் பெரிது.

"ஒண்ண வெச்சுக்கிட்டு மத்தத அழிங்க."

"இதுல இடது கன்னம் தெரியுது. அதுல வலது."

"ரெண்டு கன்னம் போதும். நாலு போகட்டும்."

பேரம் பேசிப் பேசி மூன்றில் நின்றார். அழித்ததும் குப்பைக்கூடையைக் காலி செய்யப் போனேன். அங்கே அந்த ஒரு மாதத்து வணக்கங்களும் பத்திரமாக உட்கார்ந்திருந்தன. அழித்ததெல்லாம் கூடைக்குத்தான் போகும், கூடை கொட்டினால்தான் இடம் கிடைக்கும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

மீதி வணக்கப் படங்களை அழிக்க மாட்டேன், பென் டிரைவில் போட்டுக் கொடு என்று பிடிவாதம். போட்டேன். பாதியிலேயே இடமில்லை என்றது. நானே குழம்பித்தான் போனேன். ஃபைல்களின் மொத்த அளவைப் பார்த்தால் தாராளமாகக் கொள்ள வேண்டும். பென் டிரைவில் ஏறியவற்றின் விவரத்தைத் திறந்தபோது அளவுக்குக் கீழே இன்னொரு எண், 'டிஸ்க்கில் பிடிக்கும் அளவு' என்று, பல மடங்கு பெரிதாக நின்றது.

"என்னடி இது, ஒரே சாமானுக்கு ரெண்டு எடையா?"

அவருடைய குளிர்பெட்டியைத் திறந்து காட்டினேன். அடுக்கடுக்காகத் தொடுகறி டப்பாக்கள். ஒரு டப்பாவில் இரண்டே துண்டு முள்ளங்கி. "துண்டு சின்னதுதான், ஆனா டப்பா முழுசா இடம் பிடிக்குதுல்ல? அந்தப் பென் டிரைவுல எல்லாமே பெரிய டப்பா. எவ்வளவு பொடிப் படமா இருந்தாலும் ஒரு டப்பா எடுத்துக்கும்."

"அப்ப எல்லாத்தையும் ஒரே ஜாடியில கொட்டிடு."

சமையற்காரி அல்லவா. அதைத்தான் செய்தேன், எல்லாவற்றையும் சேர்த்து ஒரே ஜிப் ஃபைலாகக் கட்டினேன். இடம் மிச்சமாகவே உள்ளே போய் உட்கார்ந்தது. பிறகு பிரவுசரைச் சொடுக்கினேன். அரிசி களைய நேரம் கொடுக்காமல் திறந்துகொண்டது. அக்கா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

டிக்கெட் திறக்கும் நாள் வந்தது. நான் என் கடைக் கணினியில், அவர் மாடியில், இரண்டு பக்கமும் முயற்சி. என்னுடையது வரிசையில் எங்கேயோ பின்னால் தள்ளிவிட்டது. முன்னால் நிற்பவர்களின் எண்ணிக்கையைப் பார்த்ததுமே இஸ்திரிப் பெட்டியை எடுத்துவிட்டேன். அவருடையது உள்ளே போய்விட்டது. காலியாக உள்ள இருக்கைகள் திரையில் ஊதாப் புள்ளிகளாகத் தெரியும். எல்லோரும் அதைத் திராட்சை என்பார்கள். தொட்டதெல்லாம் 'ஏற்கெனவே எடுக்கப்பட்டது' என்று காய்ந்துபோக, கடைசியில் ஒன்று சிக்கியது. பக்கத்திலேயே இன்னொன்று இருந்ததாம். விரலை நகர்த்துவதற்குள் போய்விட்டது.

அவர் கீழே இறங்கி வந்து என் கடை வாசலில் நின்றார். "ஒரே ஒரு திராட்சை" என்றார். முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அப்புறம் இரண்டு பேருக்கும் சண்டை. "நீ போடி, மன்றத்துல இருக்கறவ நீதானே" என்று கும்ரே அக்கா கத்தினார். "உன் கண்ணுக்குத்தான் வாங்கினேன், என் கண்ணு எங்கேயும் ஓடிப்போகல" என்று இவர் திருப்பிக் கத்தினார். இவர் ஜெயித்தார். ஜொன்ஜுவுக்குப் பேருந்தில் கூட்டிப்போய், அரங்க வாசலில் நின்ற பெண்ணிடம் கும்ரே அக்காவின் கையைப் பிடித்துக் கொடுத்து, இருக்கைவரை கொண்டுபோய் விடச் சொல்லிவிட்டு, வெளியே படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டார். உள்ளிருந்து முரசுச் சத்தம் மட்டும்தான் கேட்டதாம். எந்தப் பாட்டு என்று அதை வைத்தே கண்டுபிடித்தாராம்.

இரண்டு நாள் கழித்து மல்சூன் அக்கா வீட்டில் நூடுல்ஸ் சாப்பிட என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். கும்ரே அக்கா வாய் ஓயாமல் சொன்னார். பையன் வெள்ளைக் கோட்டு போட்டிருந்தானாம். மார்பில் ஒரு பூ. முன்னால் வந்து நின்று, இவர் இருந்த பக்கமாகக் கையசைத்தானாம். "அவ்வளவு தெளிவாத் தெரிஞ்சுச்சுடி. எல்லாம் உன்னாலதான்."

"மன்றத்துல படம் போட்டிருப்பாங்களே" என்று நான் கணினியைத் திறந்தேன். இப்போதுதான் வேகமாகத் திறக்கிறதே. முதல் படம் திரை முழுக்க வந்தது. ஹாரிம் கறுப்புத் தோல் சட்டையில் நின்றான். அடுத்ததிலும் கறுப்பு. அதற்கடுத்ததிலும். பூ எங்கேயும் இல்லை.

நான் மல்சூன் அக்காவைப் பார்த்தேன். அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கும்ரே அக்கா பக்கத்தில் வந்து, திரைக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டார். கண் அதற்குக் கொஞ்சம் தள்ளி, சுவரில் நின்றது. அரங்கத்தில் அந்தக் கண்ணுக்கு வெளிச்சத்தைத் தவிர என்ன தெரிந்திருக்கும்? வெளியே படிக்கட்டில் உட்கார்ந்தவருக்காக, இவர் உள்ளே இருட்டில் உட்கார்ந்து ஒரு கச்சேரியையே தைத்து எடுத்து வந்திருக்கிறார். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று, வாழ்க்கையில் முதல் தடவையாகப் பேசாமல் இருந்தேன்.

"படம் வந்துடுச்சா? நான் சொன்ன மாதிரிதானே இருக்கு?" என்றார் கும்ரே அக்கா.

மல்சூன் அக்கா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "ஆமாடி, வெள்ளைக் கோட்டுதான். பூ மட்டும் நீ சொன்னதவிடக் கொஞ்சம் பெருசு" என்று சொல்லிவிட்டு, அடுத்த படத்தைத் திறந்தார்.