சாமிக்கு மச்சம் வைத்த கதை

1. கொடி ஏறியது

கலியாணமாகி ஆறாவது நாள் கோயிலில் தைப்பூசக் கொடி ஏறியது. அன்றிலிருந்து பத்து நாள் எனக்குக் காவடி விரதம். ஒரு வேளைச் சாப்பாடு, தரையில் பாய், பெண்டாட்டியின் விரல்கூடப் படக்கூடாது. எனக்கு முகூர்த்தம் குறித்துக் கொடுத்த புண்ணியவான் நன்றாக இருக்கட்டும்.

பிரெஞ்சு கலந்து பேசும் எங்கள் தீவில், சென்ட்ர் டி ஃப்ளாக் நகரத்துக்குக் கிழக்கே இருக்கிறது எங்கள் ஊர். இரண்டு அர்ப்பான், அதாவது இரண்டு ஏக்கர் சொச்சம், நிலத்தில் போட்ட கரும்புதான் சோறு போட்டது. ஆனால் தொழில் என்னவென்று கேட்டால், காவடிப் பாட்டுக் கட்டுவது என்றுதான் சொல்வேன். அது லேசான வேலை இல்லை. சமதரையில் நடக்கப் பாட்டில் நீளமான அடி வேண்டும், படி ஏறக் குட்டையான அடி வேண்டும். எங்கள் கோயிலுக்கு நாற்பது படி. எடுப்பு பிசகினால் தோளில் காவடியோடு ஆள் தடுமாறுவான்.

கோயில் தலைவர் அருணாசலம் ஐயா என்னைக் கூப்பிட்டார். ஊர்வலத்தில் ஜால்ரா தட்டி முதல் அடி எடுத்துக் கொடுப்பவர் அவர்தான்.

“தம்பி, போன வருசம் நீ கட்டுன பாட்டுல மயிலு, வேலு, கிரீடம் எல்லாம் லிஸ்ட் போட்ட மாதிரி இருந்துச்சு. காலுதான் எழும்பல. இந்த வருசமும் அப்படின்னா அடுத்த தடவ தேர் ரூஜ் ஊருப் பாட்டுக்காரனக் கூப்புட்டுருவேன். ஃபினி!”

அவர் ‘ஃபினி’ என்றால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

2. பாட்டு வந்தது

சாமியை நாயகனாக்கிப் பெண் குரலில் ஏங்கிப் பாடுவது எங்கள் தொழிலின் வழக்கம். நானும் ஐந்து வருடமாக ஏங்கிக்கொண்டிருந்தேன், ஏக்கம் என்றால் என்னவென்றே தெரியாமல். இந்த விரதத்தில்தான் தெரிந்தது. என் மனைவி அஞ்சலை பால் செம்பைத் தரையில் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்து நின்று சிரிப்பாள். ஈரக் கூந்தலைத் தூக்கி முடிவாள். முற்றம் முழுக்க மஞ்சள் வாசனை அடிக்கும். நான் “முருகா, முருகா” என்று சொல்லிக்கொண்டே சிலேட்டை எடுப்பேன். ஒரே காலையில் படி ஏறும் பாட்டு முழுவதும் வந்துவிட்டது. நடுவில் இப்படி ஓர் இடம்:

இடக் காதின் கீழொரு மச்சம் – கண்ட
பின் என்னிடம் இல்லையே மிச்சம்!

எழுதியபோது சத்தியமாகச் சாமியைத்தான் நினைத்தேன். நினைத்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

ஏழாம் நாள் மாலை கோயில் முற்றத்தில் ரெப்பெத்திசியோன், அதாவது ஒத்திகை. மச்சம் வந்ததும் ஊரே குதித்தது. தலைவர் ஜால்ராவை நிறுத்தினார்.

“நம்ம சாமிக்கு ஏதுப்பா மச்சம்?”

“அன்பு இருந்தாத் தெரியும் ஐயா.”

“அப்ப எனக்கு அன்பில்லேங்கிறியா?”

அவரே கற்பூரம் ஏற்றிக்கொண்டு உள்ளே போய்ச் சாமியின் இரண்டு காதையும் பார்த்துவிட்டு வந்தார். “மச்சம் கிடையாது. அந்த அடியும் கிடையாது.”

அதைவிடப் பெரிய இடி வீட்டில் விழுந்தது. ஒத்திகையைக் கேட்டு வந்த அஞ்சலை அன்றிலிருந்து சிரிக்கவில்லை. செம்பை ‘ணங்’கென்று வைத்துவிட்டுப் போனாள். ஊரறிய அவள் மச்சத்தைப் பாட்டில் வைத்ததால் கோபம் என்று நினைத்தேன். தொழில் போனாலும் கரும்பு இருக்கிறது. இவள் முகம் திருப்பிக்கொண்டால் எனக்கு என்ன இருக்கிறது?

3. நாற்பது படி

தைப்பூசத்தன்று என் நாக்கில் வெள்ளி ஊசி, தோளில் காவடி. வாய் திறக்க முடியாது. பின்னால் பால்குடத்தோடு பெண்கள் வந்தார்கள். தலைவர் மச்சத்தை விட்டுவிட்டு, அந்த இடத்தில் “வேல் வேல்” என்று இட்டு நிரப்பினார். கால்களுக்கு அது போதவில்லை. இருபதாவது படியில் முன்னால் போனவன் நின்றான், பின்னால் வந்தவன் இடித்தான், மயிலிறகெல்லாம் ஒன்றோடொன்று சிக்கின. என் தொழில் அந்தப் படியோடு முடிந்தது என்று நினைத்தேன்.

அப்போது பெண்கள் வரிசையிலிருந்து ஒரு குரல் ஓங்கி எழுந்தது.

“*வலக்* காதின் கீழொரு மச்சம்!”

அஞ்சலை! பெண்கள் எல்லாரும் அவள் காதைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். “பொந்தியே!” என்று யாரோ கடவுளைக் கூப்பிட்டுச் சிரித்தார்கள். அடுத்த நொடி எல்லாரும் பாடினார்கள். கால்கள் எழுந்தன. தலைவரின் கால் அவரைக் கேட்காமலே மேலே போனது, வாயும் “வலக் காதின்” என்று எடுத்துக் கொடுத்தது. மிச்ச இருபது படியும் எப்படி ஏறினேன் என்று தெரியாது.

திரை விலகியதும் என் கண் சாமியின் வலக் காதைத்தான் தேடியது. மச்சம் இல்லை. ஆனால் அந்த முகத்தின் மேல் அதுவரை வராத ஆசை வந்தது. ஊசி குத்திய வாயோடு தேம்பித் தேம்பி அழுதேன். அவ்வளவு சந்தோஷம்.

காவடி இறக்கி, ஊசி எடுத்த பிறகு அஞ்சலை பக்கத்தில் வந்து நின்றாள்.

“எனக்கு மச்சம் வலது பக்கம். இடது பக்கம் மச்சம் உள்ளவ யாரு?”

மூன்று நாள் கோபம் அப்போதுதான் புரிந்தது.

“விரதத்துல உன்ன நேரா உத்துப் பாக்கக் கூடாதுன்னு,” நாக்கு வலியோடு சொன்னேன், “நீ தல வாரயில பின்னால நின்னு கண்ணாடியிலதான் பாத்தேன்.”

கண்ணாடியில் வலது இடதாகத் தெரியும் என்பது அவளுக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு அவள் சிரித்த சிரிப்பில் பால்குடம் ஆடியது.

பாட்டுக் கட்ட வருகிற பிள்ளைகளுக்கு நான் கற்ற பாடம் இதுதான்: ஏங்குவதற்கு வெட்கப்படாதீர்கள். வீட்டில் ஏங்கத் தெரியாதவன் கோயிலிலும் ஒப்புக்குத்தான் பாடுவான். ஆனால் எதற்காக ஏங்குகிறீர்களோ அதை நேருக்கு நேர் பார்த்துவிட்டு எழுதுங்கள். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவள் அன்று கோயில் வாசலிலேயே கூந்தலை ஒதுக்கி, வலக் காதைத் திருப்பிக் காட்டி, “விரதம் முடிஞ்சிருச்சுல்ல? இப்பப் பாருங்க,” என்றாள்.