பாக்கியம் அக்கா கடலில் இறங்கிய நாள்

செவ்வாய்க்கிழமை காலை பாக்கியம் அக்காவின் மகள் மல்லிகா பிடோக் வீட்டிலிருந்து தொலைபேசியில் அழைத்தாள். "சித்தி, அம்மா போயிட்டாங்க" என்றாள். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

ஞாயிறுதோறும் சபைக்கு முதல் ஆளாக வந்து கதவருகே நிற்கும் பாக்கியம் அக்காவைத்தான் உங்களில் பலருக்குத் தெரியும். எனக்குத் தெரிந்த அக்கா பயந்த மனுஷி. அறுபதுகளில் சிங்கப்பூரின் தேக்காவில் ஒரே வீட்டில், அடுத்தடுத்த அறைகளில் வாடகைக்கு இருந்தோம். அவர் கணவர் அண்ணாமலை அண்ணனுக்குத் துறைமுகத்தில் வேலை. நான் தையல்காரி.

அவர்களுடைய மூத்த மகன் குமார் ஐந்து வயதில் பாசிர் பாஞ்சாங் கடலில் மூழ்கிப்போனான். குளிக்கக் கூட்டிப்போனவர் அண்ணன். அதன்பின் கடல் தெரியும் வழியில் போகும் பஸ்ஸில் அக்கா ஏறியதில்லை. நிறைந்த வாளியருகே மல்லிகா போனாலே ஓடிவந்து இழுப்பார். கணவனும் மனைவியும் குமாரின் பெயரைச் சொல்லி நான் கேட்டதேயில்லை.

அறுபதுகளின் கடைசியில் ஒரு மாலை, வெள்ளைச் சட்டை, கறுப்பு டை அணிந்த இரண்டு அமெரிக்க இளைஞர்கள் கதவைத் தட்டினார்கள். மார்மன் என்ற கிறிஸ்தவ சபையினர். அக்காவுக்காக நான் மொழிபெயர்த்தேன். குடும்பம் சாவோடு முடிவதில்லை, சிறுவயதில் இறந்த குழந்தைகள் கடவுளிடம் பத்திரமாக இருக்கிறார்கள் என்றார்கள். அக்கா என் மணிக்கட்டை இறுக்கினார்.

"என் பிள்ளைய மறுபடி பாக்கலாமான்னு கேளு கமலா. சரியா கேளு."

கேட்டேன். பார்க்கலாம் என்றார்கள்.

சில வாரங்களில், அந்தச் சபையின் விதிப்படி, அக்கா தேத்தண்ணியையும் காப்பியையும் விட்டுவிட்டார். அதில்தான் வீடு முழுக்கத் தெரிந்துபோனது. அண்ணனின் அக்காள் மலேசியாவின் ஜோகூரிலிருந்து வந்து கத்தினார். "மதம் மாறுனா மல்லிகாவ ஜோகூருக்குக் கொண்டுபோயிருவேன். அப்புறம் புள்ள மொகத்தையே பாக்க முடியாது!" அன்றிலிருந்து மணியடிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே அக்கா பள்ளிக்கூட வாசலில் போய் நின்றார். வேறு யாராவது மல்லிகாவைக் கூட்டிப்போய்விடுவார்களோ என்று பயம்.

ஞானஸ்நானத்துக்குத் தலையில் நீர் தெளித்தால் போதாது, கடலில் முழுதாக முங்கவேண்டும், கணவரின் சம்மதமும் வேண்டும் என்றார்கள் அந்த இளைஞர்கள். விஷயம் இத்தோடு நின்றுவிடும் என்று எனக்கு உள்ளுக்குள் நிம்மதி. அண்ணனிடம் அக்கா கேட்டபோது நானும் பக்கத்தில் இருந்தேன்.

"போயேன். நீ கடல்ல கால் வைக்கமாட்டே. எனக்குத் தெரியாதா?" என்றார் அண்ணன். அக்காவுக்குச் சம்மதம் அப்படித்தான் கிடைத்தது.

வெள்ளை அங்கி ஒன்று தைத்துத் தரச் சொன்னார். பூவும் பொட்டுமாக இருப்பவருக்கு வெள்ளை தைக்க எனக்குக் கை வரவில்லை. "அண்ணனுக்கு ஏதாவது ஆயிருச்சுன்னா அக்கா?" என்றேன். "அந்தப் பயம் எனக்கு இல்லையா? நீ தை" என்றார்.

கத்தோங் கடற்கரைக்கு அண்ணனும் வந்தார், மல்லிகாவின் கையை விடாமல். இடுப்பளவு நீரில் அந்த இளைஞர்களில் ஒருவர் அக்காவைச் சாய்த்தபோது அக்கா அலறினார். ஒரு கால் தண்ணீருக்கு மேலே உதைத்துக்கொண்டு வந்தது. உடல் முழுதும் முங்கவில்லை, மறுபடி செய்யவேண்டும் என்றார்கள். அக்கா கரையிலிருந்த என்னைப் பார்த்துக் கத்தினார். "என்னால முடியல கமலா!"

மல்லிகாவை என்னிடம் தள்ளிவிட்டு அண்ணன் சப்பாத்துக் காலோடு கடலில் இறங்கினார். இழுத்துவரத்தான் போகிறார் என்று நினைத்தேன். குமார் போனபின் அவரும் கடலில் இறங்கியதில்லை. முகம் வெளுத்திருந்தது.

"போதும் பாக்கியம். வா, வீட்டுக்குப் போவோம்."

"நான் ஒங்கள ஒருநாளும் குத்தம் சொன்னதில்ல. மனசுலகூட இல்ல" என்றார் அக்கா. "இங்கயே நில்லுங்க. கூட நில்லுங்க."

அண்ணன் நின்றார். அக்கா கண்ணை மூடிக்கொண்டு நீருக்குள் முழுதாக மறைந்தார். இரண்டு நொடிதான் இருக்கும். மல்லிகா என் புடவையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தண்ணீரை உடைத்துக்கொண்டு அக்கா மேலே வந்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. கரைக்கு வரும்வரை அண்ணன் அவர் தோளைப் பிடித்திருந்தார்.

அண்ணன் கடைசிவரை சபையில் சேரவில்லை. ஆனால் தன் அக்காளிடம், "பிள்ளை அதோட அம்மாகிட்டதான் இருக்கும்" என்று சொல்லிவிட்டார். அதன்பின் அந்த அம்மாள் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. குமாரைப் பற்றி இருவரும் பேசிக்கொள்வது பலகைச் சுவர் வழியாக எனக்குக் கேட்கத் தொடங்கியது.

இரங்கல் கூட்டத்தில் எல்லோரும் அவரைத் தைரியசாலி என்று சொல்லப்போகிறீர்கள். அன்று திரும்பும்போது பஸ்ஸில் நான் கேட்டேன், "பயம் போயிருச்சாக்கா?"

"எங்க போச்சு? இங்க பாரு." இரண்டு கைகளையும் என் மடியில் வைத்தார். "நடுங்குதுலா. நாளைக்கும் நடுங்கும்."

பிறகு என் வாழ்க்கையிலும் மருத்துவமனை வாசல்கள் வந்தன, எனக்கும் கால் எழாத காலைகள் வந்தன. அப்போதெல்லாம் துணைக்கு வந்தவை என் மடியில் நடுங்கிக்கொண்டிருந்த அந்த ஈரக் கைகள்தான். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அவ்வளவே.