கணக்கில் வராத ஒரு போட்டோ

தொண்ணூறுகளின் கடைசியில், ஏற்காடு மலையில் மின்கம்பங்களைக் கணக்கெடுக்கும் வேலையில் இருந்தேன். படிப்பு முடித்து ஒரு தனியார் நிறுவனத்தில் சேர்ந்த புதிது. ஒவ்வொரு கம்பமும் எங்கே இருக்கிறது என்று ஜி.பி.எஸ். கருவியில் பார்த்துக் குறிக்க வேண்டும். அதன் உச்சியை டிஜிட்டல் கேமராவில் படம் எடுக்க வேண்டும். படங்கள் ஃபிளாப்பியில் பதிவாகும். ஒரு ஃபிளாப்பியில் கொஞ்சம் படம்தான் பிடிக்கும் என்பதால், கம்பத்தைத் தவிர வேறெதையும் எடுக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். துணைக்கு ஜீப்பும் சமவெளியிலிருந்து வந்த ஒரு லைன்மேனும்.

அன்று மாரமங்கலம் போகும் வழியில் காப்பித் தோட்டத்துச் சரிவில் ஒரு கம்பம். மேலே சில்வர் ஓக் மரங்கள் மறைத்ததால் கருவிக்கு சிக்னல் கிடைக்கவில்லை. காத்திருந்தபோது, பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பெண் வந்தார். தோட்ட வேலையிலிருந்து மத்தியானச் சோற்றுக்கு வந்தவர்.

"ஏனுங்க அம்மிணி, கம்பத்தப் போட்டோ புடிக்கறீங்களே, என்னைய ஒண்ணு புடிக்கக் கூடாதுங்களா?"

நான் தயங்கினேன். லைன்மேன், "ஒண்ணுதானுங்க மேடம், எடுத்துருங்க" என்றார். அந்தப் பெண் முந்தானையைச் சரிசெய்துகொண்டு வாசலில் நின்றார்.

"வெரசா எடுங்க, தோட்டத்துக்குப் போகோணும். திரும்பி வந்துதான் துணி தொவைக்கணும்."

எடுத்தேன். கேமராவின் குட்டித் திரையில் தன் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். சற்று நேரத்தில் சிக்னலும் கிடைக்க, கம்பத்தின் இட எண்களைக் குறித்துக்கொண்டேன்.

பிற்பகல் மழை பிடித்துக்கொண்டதால் விடுதிக்குத் திரும்பி, படங்களைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பெரிதாக்கிப் பார்த்தேன். கீழிருந்து எங்கள் கண்ணுக்குத் தப்பியது அதில் தெரிந்தது. அந்தக் கம்பத்தின் உச்சியில் மின்கம்பியைத் தாங்கும் பீங்கான் உடைந்து, மின்கம்பி சரிந்து, கம்பம் சாயாமலிருக்க இழுத்துக் கட்டிய ஸ்டே கம்பியின் மேல் கிடந்தது. அடுத்தது அந்தப் பெண்ணின் படம். அவருக்குப் பின்னால் வாசலின் குறுக்கே ஒரு துணிக்கொடி. சாதாரண இரும்புக் கம்பி. அதன் ஒரு முனை வீட்டு விட்டத்தில், மறுமுனை அந்த ஸ்டே கம்பியில்.

அப்படியானால் அந்தக் கொடியிலும் மின்சாரம் இருக்கும். வெளியே மழை. அவர் வேலை முடிந்து வந்து துவைக்கிற நேரம்.

மின்வாரிய அலுவலகத்துக்குப் போன் செய்யப் பார்த்தால், மழையில் டெலிபோன் செத்துக்கிடந்தது. லைன்மேனைக் கூப்பிட்டு ஜீப்பில் ஏறினேன். மூடுபனியில் எல்லாச் சரிவும் ஒன்றுபோலவே இருந்தது. குறித்து வைத்த எண்களைக் கருவியில் பார்த்துப் பார்த்துத்தான் வழி சொன்னேன். ஆனால் அந்தக் காலத்துக் கருவி துல்லியமாகக் காட்டாது. இங்கேதான் எங்கோ என்ற அளவில் நின்றுவிட்டது. ஜீப்பை விட்டு இறங்கி, "ஊட்டுல யாருங்க?" என்று லைன்மேன் உரக்கக் கூப்பிட்டார்.

பனிக்குள்ளிருந்து கீழே குரல் வந்தது. "போட்டோ எடுத்தவிங்களா? அதுக்குள்ள கழுவிட்டீங்களா?"

குரல் வந்த பக்கம் இறங்கி ஓடினோம். பிழிந்த சேலையைக் கையில் வைத்துக்கொண்டு கொடிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்.

"அக்கா, கொடியத் தொடாதீங்க. பின்னால வாங்க," என்றார் லைன்மேன். அவர் குரலில் என்ன இருந்ததோ, அந்தப் பெண் உடனே பின்வாங்கினார். லைன்மேன் கொடியில் டெஸ்டரை வைத்தபோது அதன் விளக்கு எரிந்தது.

"ஈரக்கையில தொட்டா அப்பப்ப சுருக்குங்கும்," என்றார் அவர் மெதுவாக. "கம்பிப் பிசிறு குத்துதுன்னுல்ல நெனச்சனுங்க."

லைன்மேன் ரோட்டோரத்து டிரான்ஸ்ஃபார்மரில் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு வந்து கொடியை அறுத்தார். "இனி துணிய எங்க போடறதுங்க?" என்று அந்தப் பெண் கேட்டார். ஜீப்பிலிருந்த கயிற்றை எடுத்து இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டிக் கொடுத்தோம். சேலையை அதில் போட்டுவிட்டு, வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் மின்வாரிய ஆட்கள் வந்து பீங்கானை மாற்றினார்கள்.

அதன்பிறகு எத்தனையோ நல்ல கருவிகள் கைக்கு வந்துவிட்டன. ஆனாலும் எந்த ஊரில் ஆய்வுக்குப் போனாலும், என் வேலை முடிந்ததும் பத்தடி பின்னால் நகர்ந்து நின்று, அங்கே யார் குடியிருக்கிறார்கள், எதைத் தொட்டுப் புழங்குகிறார்கள் என்று பார்க்காமல் என்னால் கிளம்ப முடிவதில்லை.