கோயில் நிறத்தில் ஒரு சைக்கிள்

சைக்கிளுக்குப் பெயின்ட் அடிக்கக் கோபம் ரொம்ப உதவும். உப்புத்தாளால் பழைய பெயின்டைத் தேய்த்து எடுப்பதே அரை நாள் வேலை. பாதியிலேயே கை ஓய்ந்துவிடும். நான் எங்கள் கோயில் தலைவரின் முகத்தை நினைத்துக்கொண்டு தேய்ப்பேன். இரும்பு தெரியும்வரை கை வலிக்காது.

எஸ்டேட்டை விட்டு வந்தவர்களுக்கென்று இங்கே மலேசியாவில் கோல சிலாங்கூர் பக்கம் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்று எங்களுடையது. அம்மன் கோயில் மட்டும் பழைய இடத்திலேயே, எஸ்டேட்டின் செம்பனை மரங்களுக்கு நடுவில் இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் திருவிழாவுக்கு முன் கோயில் சுவருக்குப் புது வர்ணம் அடிப்பார்கள். அதே வர்ணத்தில் கொஞ்சம் வாங்கி வீட்டுக் கேட்டுக்கோ பூந்தொட்டிக்கோ அடிப்பது எங்கள் ஆட்களின் வழக்கம். வீட்டுக்கு நல்லது என்று ஒரு நம்பிக்கை. ஐந்து வருடத்துக்கு முன் நான் அதைச் சைக்கிளுக்கு அடித்தேன். அந்த வருடம் கோயிலுக்கு நீலம். ஹார்ட்வேர் கடைச் சீனரிடம் அதே நீலத்தில் ஒரு சின்ன டின் கேட்டு வாங்கினேன்.

அந்த வருடம் பார்த்துக் கோயில் ஸ்டோரில் ஒரு நீல டின் காணாமல் போனது.

அன்னதானத்துக்கு ஊரே இலை போட்டு உட்கார்ந்திருந்தபோது தலைவர் மைக்கைப் பிடித்தார். கோயில் சாமானை வீட்டுச் சாமானாக நினைக்கிறவர்களும் நம்மில் இருக்கிறார்கள் என்றார். "பேரு சொல்ல வேணாம். சைக்கிளப் பாத்தாலே தெரியும்," என்று முடித்தார். எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. கடைக்காரரைக் கேட்டுப் பாருங்கள் என்று நான் சொன்னது பக்கத்து இலைக்குக்கூடக் கேட்டிருக்காது. மறுநாள் கோயில் சமையலறைச் சாவியை வாங்கிப்போக ஆள் வந்தது. பதினோரு வருடம் என் இடுப்பில் இருந்த சாவி அது. நான் பள்ளிக்கூட கேண்டீனில் சமைக்கிறவள். அங்கே கூட வேலை செய்பவளும் ஒரு வாரம் சீனி டப்பாவை எடுத்து உள்ளே வைத்துப் பூட்டினாள். திருடி என்ற பெயரோடு இந்த வரிசையில் நான் சாகப் போவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

அடுத்த வருடம் திருவிழாவுக்கு மூன்று வாரம் இருக்கும்போதே கடைக்குப் போனேன். கோயிலுக்கு என்ன வர்ணம் ஆர்டர் கொடுத்திருக்கிறார்கள் என்று விசாரித்தேன். மாம்பழ மஞ்சள் என்றார் சீனர். டின்கள் இன்னும் கடைக்கே வந்து சேரவில்லை. மாதிரி அட்டையைப் பார்த்து அதே மஞ்சளில் எனக்கு ஒரு சின்ன டின் கலந்து கொடுத்தார்.

சக்கரம், சங்கிலி, சீட் எல்லாவற்றையும் கழற்றி, வெறும் சட்டத்தை முன்வாசல் இரும்புக் குழாயில் கயிறு கட்டித் தொங்கவிட்டேன். தேய்த்து, தின்னர் துணியால் துடைத்து, அடிப்பூச்சு பூசி ஒரு நாள் காயவிட்டு, மேலே மஞ்சளை மெல்லிசாக இரண்டு முறை இழுத்தேன். அவசரப்பட்டுத் தடிப்பாகப் பூசினால் வழிந்து சொட்டுச் சொட்டாக நின்றுவிடும். கடல் காற்றில் லேசில் காயாது, கொசு வேறு வந்து ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொன்றாக ஊசியால் எடுத்தேன். எனக்கு இவ்வளவு பொறுமை உண்டு என்று என் வீட்டுக்காரருக்கே தெரியாது. இதெல்லாம் வேண்டாத வேலை லா என்று சொல்லிக்கொண்டே சட்டத்தைத் திருப்பிப் பிடிக்க அவரும் வந்தார்.

கோயில் சுவர் பழைய நீலத்தில் இருக்கும்போதே என் மஞ்சள் சைக்கிள் கோயிலை மூன்று சுற்றுச் சுற்றி வந்தது. பத்து நாள் கழித்துக் கோயிலும் மஞ்சளானது. யாரைப் பார்த்து யார் அடித்தது என்று கேட்டுச் சனம் சிரித்தது. தலைவர் இந்தத் தடவை மைக்கில் நன்கொடைப் பட்டியலை மட்டும் வாசித்தார். வந்து சேராத டின்னை நான் திருடியிருக்க முடியாதே. அதற்கடுத்த வருடம் ரோஸ், பிறகு கிளிப்பச்சை. போன வருடம் எனக்குத் தெரியக்கூடாதென்று சபாக் டவுன் கடை வரைக்கும் போய் வர்ணம் சொல்லிவிட்டு வந்தார் தலைவர். அவரை ஏற்றிப்போன லோரிக்காரர் எனக்குத் தம்பி முறை. அப்போதும் நான்தான் முந்தினேன்.

இந்த வருடம் ஊதா. சட்டம் தொங்கிக்கொண்டிருக்கும்போது தலைவரே கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். பக்கத்து வீட்டு வாசலை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். மகளுக்கு ரவாங்கில் சம்பந்தம் முடிவாகியிருக்கிறதாம். சம்பந்தி வீட்டார் திருவிழாவுக்கு வருகிறார்களாம். அவர்கள் எதிரில் ஊர் சிரிக்க வேண்டாமாம்.

"அந்த டின்னு மறுவாரமே கெடைச்சிருச்சும்மா. ஜெனரேட்டருக்குப் பின்னால கெடந்துச்சு. ஒண்ணும் மனசுல வச்சுக்காத."

மறுவாரமே. பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டேன். கையில் இருந்திருந்தால் அவர் வெள்ளைச் சட்டை தப்பியிருக்காது. ஐந்து வருடம், தெரிந்தே என்னைத் திருடியாக நடமாட விட்டிருக்கிறார்.

"மைக்குலதானண்ணே சொன்னீங்க. மைக்குலயே சொல்லிருங்க," என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார்.

சொல்லத்தான் செய்தார். அன்னதானத்தில், நன்கொடை கொடுத்தவர்கள் பட்டியலுக்கும் பந்தல்காரருக்குச் சொன்ன நன்றிக்கும் நடுவில், முன்பு காணாமல் போன கோயில் பொருள் ஒன்று கிடைத்துவிட்டது என்று ஒரு வரி. யாரும் இலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

எழுந்து போய் அவர் கையிலிருந்த மைக்கை வாங்கினேன். என் பெயரைச் சொன்னேன். வீட்டு நம்பரைச் சொன்னேன். பெயின்ட் டின்னை நான் எடுக்கவில்லை என்றேன். பிறகு அவர் பெயரைச் சொல்லி, டின் எங்கே கிடந்தது, எப்போது கிடைத்தது, யார் அதை மறைத்தது என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னேன்.

முதல் வரிசையில் பட்டுச் சேலையோடு உட்கார்ந்திருந்தவர்கள் ரவாங் சம்பந்திகள் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். அவர்களுக்குப் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்த அவர் மகள் வாளியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். அந்தப் பெண்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனாலும் அவளைப் பார்த்துக்கொண்டே, எல்லாவற்றையும் முதலிலிருந்து இன்னொரு தடவை சொன்னேன்.